ஆறு உறையாத இடம்

"நயாகராவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு உந்தச் சின்ன மெஷினோ செய்யிறியள்?" என்று கோயிலில் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். கோகுலனும் சிரித்துவிட்டுப் போவார். அவருடைய நீர்ச்சுழலிக்கு அணை வேண்டாம். ஆற்றுக்குள் இறக்கினால் ஓடுகிற தண்ணீரே அதைச் சுழற்றி மின்சாரம் தரும். மின்கம்பி எட்டாமல் டீசல் இயந்திரத்தில் காலம் தள்ளும் வடக்குப் பனிக் கிராமங்களுக்காக எட்டு வருடமாக ஸ்காபரோவில் ஒரு சின்னக் கொம்பனியில் அதை வடிவமைத்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு வருடமும் சுழலியைவிட அவர்தான் அதிகம் சுற்றினார், அனுமதி கேட்டு.

கொம்பனித் தலைவி றெபேக்காவையே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். துவாரகா மட்டும் கோகுலனை "அண்ணை" என்பாள். மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. படித்து முடித்த கையோடு அவர் சொல்லித்தான் அவளை எடுத்தார்கள். அவருடைய வடிவமைப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்த "அண்ணை"யில் கோகுலனுக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

ஒரு வடக்குக் கிராமத்து ஆற்றில் இறக்கியிருந்த முதல் சுழலி மார்கழியில் பனி அடைத்து நின்றுபோனது. அந்த ஊரின் பழைய டீசல் இயந்திரமும் உடனே கிளம்பவில்லை. வீடுகள் குளிர்ந்துபோக, வயதானவர்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்றாகப் படுக்கவைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் செயல், கோகுலனின் செயல் அல்ல.

விசாரணைக் கூட்டத்தை வியாழக்கிழமை வைத்தார்கள். பழுது காலநிலையால் என்றால் இரண்டாவது சுழலி அதே வடிவத்தில் இன்னொரு கிராமத்துக்குப் போகும். வடிவமைப்பால் என்றால் எட்டு வருட உழைப்பு அம்போ.

புதன்கிழமை பின்னேரம் அவர் கணக்கைத் திரும்பப் பார்த்தார். பிழை கண்ணில் குத்தியது. மேலே உறைந்து மூடிய ஆற்றுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார். சுழலி இருந்த இடத்திலோ தண்ணீர் வேகமாக ஓடுவதால் மாரிக் குளிரிலும் மேலே உறையாது. அப்படிப்பட்ட தண்ணீரில்தான் பனித்துகள் பிறந்து, கூழாகி, இரும்பில் ஒட்டும். மரக்கட்டை வராமல் அவர் நெருக்கமாக வைத்த கம்பித் தடுப்பை அந்தக் கூழ் அடைத்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை தன் மேல் ஏறியிருப்பவர்களையும் அல்லவா விழுத்துகிறது!

"ஏதும் பிரச்சினையோ அண்ணை?" என்றாள் பக்கத்து மேசையில் இருந்த துவாரகா.

"இல்லையம்மா. நீ வீட்டை போ."

அந்தப் பிள்ளைக்கு முன்னால் சிறுத்துப்போக அவருக்கு வெட்கம். நாளைக்கு எல்லோருக்கும் சேர்த்தே சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

கூட்டத்தில் றெபேக்கா சுற்றி வளைக்கவில்லை. "வடிவமைப்பா, காலநிலையா?"

கோகுலன் தொண்டையைச் செருமுவதற்குள் துவாரகா முந்திக்கொண்டாள். "காலநிலைதான். கணக்கெல்லாம் நானே சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. பிழை அவளுக்கு எப்போதோ தெரியும். எங்கள் ஆளை மற்றவர்களுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. அவர் வாயை மூடினால் தப்பலாம். அடுத்த மாரியில் இன்னொரு ஊர்ச் சனம் குளிரில் கிடக்கும். வாயைத் திறந்தால் அவள் பொய்க்காரி.

"பிழை என்னுடையது" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார்.

றெபேக்கா துவாரகா பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமா?"

"கோடையிலேயே தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

ஆங்கிலத்தில் "அண்ணை"க்குச் சொல் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பிழை விட்டவரை நேர்மையானவர் என்று மெச்சி, திருத்தி வரையச் சொன்னார்கள். துவாரகாவை வேலையால் நிற்பாட்டினார்கள். கோகுலன் போய்க் கெஞ்சிப் பார்த்தார். தெரிந்துகொண்டே மறைத்தவளை எப்படி வைத்திருப்பது என்று றெபேக்கா கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில், துவாரகா மேசைச் சாமான்களோடு தூக்கி வந்த பெட்டியை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

"கண்டவுடனை எனக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஓம் அண்ணை, சொல்லியிருக்க வேணும்" என்றாள். "நீங்களும் புதன்கிழமை எனக்குச் சொல்லியிருந்தா, நான் அங்கை பொய் சொல்லியிருக்க மாட்டன்."