பேரையூருக்குப் போன போர்வைகள்

சோடா உப்புப் போட்டு அவித்த பழந்துணிக்கு ஒரு வாசனை உண்டு; புளித்த கஞ்சியும் ஈரச் சாம்பலும் கலந்ததுபோல, மூக்கில் ஏறினால் நெடுநேரம் இறங்காத வாசனை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த மழைக்காலம் முழுவதும் சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஒற்றை அறை அந்த வாசனையில்தான் கிடந்தது. கொடியிலும் பானைகளின் மேலும் "கந்தைத் துணி" காய்ந்துகொண்டிருக்க, நடுவே என் அக்கா பேச்சி சுவரில் சாய்ந்து, கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பாள்.

அக்காவைப் பேரையூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவம் எங்கள் வீட்டில் முடிந்து, மகன் முத்துவோடு புருஷன் வீட்டுக்குப் போனவள், சில மாதங்களில் பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. உலை பொங்கி அடுப்பு அணைந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். பாதி வாசலைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றோடு உட்கார்ந்துவிடுவாளாம். அழுகிற பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றாதாம். வேப்பிலை அடித்தும் மந்திரித்தும் பார்த்துவிட்டு அவளைக் கொண்டுவந்து விட்ட மாமியார், எங்கள் வாசலில் நின்றபடி சொன்னார்: "எடுத்த வேலைய முழுசா முடிக்கிற புத்தி வரட்டும். அதுவரைக்கும் பிள்ள எங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் அதை ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். பல நாள் பாயைவிட்டு எழாமல் கிடந்தவள், ஒரு காலையில் எழுந்து எங்கள் ஆத்தாவின் கிழிந்த சேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். "மாசம் ஒண்ணு. ஒவ்வொரு அமாவாசைக்குள்ளயும் முத்துவுக்கு ஒரு போர்வ தச்சு முடிக்கப் போறேன்" என்றாள். யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. கெடுவை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள்.

பழைய சேலையை மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு, மேலே தையற்கடையில் கழிக்கும் "வெட்டுத் துணி"களை ஒட்டு வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் பிள்ளைக்குக் கதகதப்பான போர்வை ஆகிவிடும். திடமான பெண்ணுக்கு அது சில நாள் வேலை. அக்காவுக்கோ ஒவ்வொரு வரியும் மலையாக இருந்தது. பாதி வரியில் கை நின்றுவிடும். ஊசி எங்கே போகிறது என்று தெரியாமல் விரலைக் குத்திக்கொண்டு, துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு திடுக்கிட்டவள்போல, யாரோ துரத்துகிற வேகத்தில் தைப்பாள்.

முதல் போர்வை கோணல்மாணலாக முடிந்தது. எங்கள் அய்யா அதை எடுத்துக்கொண்டு, ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டிய, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸில் பேரையூர் போய் வந்தார். "வாங்கி வச்சுக்கிட்டாக. பிள்ள தூங்குதுன்னுட்டாக" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கால் கழுவப் போய்விட்டார்.

இரண்டாவதற்குத் துணி இல்லை. துணிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த காலம். தையற்கடைக்காரர் உள்ளங்கை அகலத் துண்டைக்கூட வீசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா தன் கல்யாணக் கூறைச் சேலையை அரிவாள்மணையில் வைத்து நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். "புருஷன் இருக்கயில இப்படிச் செய்வாளா ஒருத்தி?" என்று ஆத்தா கதறினாள். அக்கா அடுத்த மடிப்பை அரிவாள்மணையில் வைத்தாள். அரக்குச் சிவப்பில் இருந்த அந்தப் போர்வையும் பேரையூர் போனது. அதற்கும் பதில் வரவில்லை.

மூன்றாவது மாதம் நோய் மறுபடி அவளை அமுக்கியது. சாப்பிடாமல், பேசாமல் கிடந்தாள். அமாவாசை நெருங்கியபோது பொறுக்கமாட்டாமல் ஆத்தாவே மிச்ச ஓரத்தைத் தைத்து மடித்து வைத்தாள். அதைக் கண்டதும் அக்கா எழுந்து, அத்தனை தையலையும் பல்லால் கடித்துப் பிரித்தாள். "நீ முடிச்சா எப்படி ஆத்தா? நான் முடிக்கலேன்னா முத்து எனக்கு இல்ல. ஒனக்குப் புரியலயா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அழுதுகொண்டே தைத்தாள், வாந்தி எடுத்துவிட்டு வந்து தைத்தாள். அமாவாசையன்று, பொழுது இறங்கும் முன்னால் முடித்துவிட்டாள்.

"இத நானே கொண்டுபோறேன்" என்றாள்.

மறுநாள் அய்யாவோடும் என்னோடும் பேரையூர் வந்து இறங்கினாள். பருத்தி எடுக்கும் காலம். மாமியார் வீட்டு முற்றத்தில் வெடித்த பருத்தி குவிந்து கிடந்தது. முத்து அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். நாங்கள் அறிந்த முத்து தவழ்கிற பிள்ளை. இவன் நின்றான், எங்களைக் கண்டதும் தத்தித் தத்தி ஓடிப்போய்ப் பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவரையே "ஆத்தா" என்றான்.

அக்கா அலறுவாள், பாய்ந்து பிடுங்குவாள் என்று பயந்து அய்யா அவள் கையைப் பிடித்தார். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, போர்வையை மாமியார் காலடியில் விரித்து, அதன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "முடிச்சுட்டேன் அத்தே. மூணும் நானே முடிச்சேன். இனி நான் போகமாட்டேன். இங்கனயே இருக்கேன்."

மாமியார் பருத்தியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது, பருத்தி எடுக்கும் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துப் போனார்கள். உச்சிப் பொழுதுக்குக் காட்டிலிருந்து வந்த மச்சான், அத்தனை மாதமும் வாயைத் திறக்காத மனிதர், அவளைக் கண்டதும் நேரே உள்ளே போனார். பிறகு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, தாயிடம் திரும்பினார். "போதும்மா. அவ உள்ள வரட்டும்."

மச்சானே பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். அவன் வீறிட்டு, அவள் முகத்தைக் கீறிவிட்டு இறங்கி ஓடினான். கீறலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். எங்களோடு திரும்பி வரவில்லை. முத்து தானாக அவளிடம் வந்து படுக்க அடுத்த மழைக்காலம் ஆயிற்று என்று அய்யா பிறகு சொன்னார்.

அவளுக்கு வந்தது என்ன நோய் என்று இப்போது மருத்துவர்கள் பெயர் சொல்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அக்கா போய்ப் பல வருஷமாகிறது. பருத்தி குவிந்த முற்றத்தில் சிமெண்டுக் கடை நிற்கிறது. போர்வைகள் நைந்து, வண்டி துடைக்கும் துணியாகி, எப்போதோ இல்லாமல் போயின. போன மாதம் முத்துவின் வீட்டில் அவன் பேத்தி பள்ளிக்கூடத்துக்காக ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். முத்து சிரித்துக்கொண்டே என் அக்காவைப் பற்றி அவளிடம் சொன்னான்: "எங்க ஆத்தாவுக்கு ஊசி நூலே ஆகாது. சட்டப் பொத்தான் அறுந்தாக்கூட நாந்தான் தச்சுக்குவேன்."