நடந்தே போன பந்தயக் குதிரை

சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரிக்குப் பதினைந்து மைல் இருக்கலாம். குதிரை வண்டியில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். 1958 தை மாதத்தில் ஒரு நாள் நாங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பகல் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அச்சு முறியவில்லை, மழையும் பெய்யவில்லை. இத்தனை தாமதமான பயணத்துக்கு இத்தனை நன்றி சொல்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி ஆவுடையம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து ராயகிரியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். அழைத்துப் போக வர வேண்டிய மைத்துனன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நானே கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. கொண்டையில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு அவள் திரும்பிப் பாராமல் படியிறங்கினாள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை. இரண்டு வருஷம் முன்பு எங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அந்தப் பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. உடம்பு குலுங்கவே கூடாது என்று லேடி டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்தச் சாலையில் பஸ்ஸை நினைக்கவே முடியாது. மாட்டு வண்டி பேசு என்றாள் அம்மா. நான் பேசியது சுடலைமுத்து அண்ணாச்சியின் குதிரை வண்டியை. போகவர வாடகை ஏழு ரூபாய்.

புத்தி கெட்ட காரியம்தான். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் பைத்தியம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ரயில் ஸ்டேஷனுக்கு ஓடி, வாடகை வண்டிகள் நிற்கிற இடத்தில் குதிரைகள் கொள்ளுத் தின்பதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். இடுப்பில் கயிற்றைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பையனைப் பின்னால் பிடிக்கச் சொல்லித் தெருத் தெருவாக ஓடுவேன். எப்போதும் நான்தான் குதிரை. சித்திரை மாதம் மேலநீலிதநல்லூர்ச் சாலையில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். புளிய மரத்தின் மேலேறிப் பார்ப்பேன். புழுதிக்குள்ளிருந்து முதலில் வெளியே வருவது சுடலைமுத்து அண்ணாச்சியின் குதிரையாகத்தான் இருக்கும். அவர் குதிரைகளைப் பழக்குகிற விதமே தனி. பின்னால் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டால் போதும், சாட்டை தேவையில்லை. குதிரை தானாகப் பறக்கும். அவர் வண்டியை எவனும் முந்தியதில்லை என்று ஊரில் பேச்சு. எனக்கு அவர் அர்ஜுனனுக்கு ஒரு படி மேலே. வேலைக்குப் போய்த் தாலுகா ஆபீசில் உட்கார்ந்த பிறகும் அந்த மயக்கம் தெளியவில்லை. என் பிள்ளை அவர் வண்டியில்தான் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆறு மணி. அண்ணாச்சி வண்டிக்குள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு புல்லைப் பரப்பி, மேலே சாக்கும் ஜமுக்காளமும் விரித்திருந்தார். ஆவுடையை நடுவில் உட்காரவைத்து ஏர்க்காலைத் தூக்கிப் பாரம் பார்த்தார்.

"பின்பாரமா இருக்கு. தம்பி, நீங்க முன்னால என் பக்கத்துல வந்துருங்க. தாயி, நீங்க நல்லா சாஞ்சுக்கிடுங்க."

எட்டு மணிக்கு நெற்கட்டும்செவல் பாதையில் இருந்தோம். இரண்டு பக்கமும் கரிசலில் பருத்தி. மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. செவலைக் குதிரை அழகாக நடை போட்டது. சின்ன வயதில் இந்த முன் இருக்கைக்காக நான் ஏங்கிய ஏக்கத்தை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆவுடைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க தம்பி இப்பவும் ராத்திரி தூக்கத்துல காலை உதைக்கிறாக அண்ணாச்சி" என்றாள்.

அப்போதுதான் பின்னால் மணிச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் செவலையின் காது இரண்டும் விறைத்தன. அடுத்த நிமிஷம் வண்டி ஒரு குதி குதித்தது. ஆவுடை "அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மரத்து மேலிருந்து நான் கைதட்டி ரசித்த அதே பாய்ச்சல். பின்னால் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வாரை இழுத்துப் பிடித்தபடியே கீழே குதித்தார். குதிரையின் வாயோடு ஒட்டிக் கடிவாளத்தைப் பிடித்துச் சாலையோரம் ஒதுக்கினார். தலைத்துண்டை அவிழ்த்துக் குதிரையின் கண்ணையும் காதையும் சேர்த்து மூடி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவன் புளியங்குடிப் பக்கத்து இளவட்டம். அவன் வண்டியில் ஆள் யாரும் இல்லை. அண்ணாச்சியை அடையாளம் கண்டுகொண்டான்.

"என்ன அண்ணாச்சி, குதிரைக்கு முக்காடு போட்டிருக்கீரு? கல்யாணமா?"

"ஆமாடே. நீ முந்திப் போ" என்றார் அண்ணாச்சி.

அவன் ஒரு கணம் நம்பாமல் பார்த்தான். பிறகு மணியை ஆட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். அவன் சிரிப்பு வெகுதூரம் கேட்டது. அண்ணாச்சி வண்டிப் பக்கம் வந்தார்.

"தாயி, வலி இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. பயந்துட்டேன், அவ்வளவுதான்."

"இனிமே இது சும்மா வராது. அவன் போன தடத்தை மோந்துகிட்டே ஓடப் பார்க்கும். நான் பிடிச்சுக்கிட்டு நடக்கேன். நீங்க சாஞ்சு படுங்க."

மிச்சம் எட்டு மைலுக்குக் குறையாது. வெயில் ஏறிவிட்டது. துண்டு குதிரையின் தலையில் இருந்ததால் அவர் வெறுந்தலையோடு நடந்தார். குதிரை திமிறிய போதெல்லாம் அதன் காதோரம் ஏதோ பேசினார். பள்ளம் வந்தால் தோளை ஏர்க்காலில் கொடுத்துச் சக்கரத்தை மெல்ல இறக்கினார். நானும் இறங்கி நடக்கிறேன் என்றேன். பாரம் கெட்டுவிடும், உட்காருங்கள் என்று அதட்டினார். பத்து மணிக்கு ஒரு டீக்கடையைத் தாண்டினோம். முந்திப் போனவன் அங்கே சேதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"ஏ வே சுடலைமுத்து, குதிரைய நீரு இழுக்கீரா, உம்மைக் குதிரை இழுக்கா?" என்று ஒருவர் கேட்க, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "குண்டும் குழியுமா இருக்கு தாயி, பக்கத்துக் கம்பைக் கெட்டியா பிடிச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். உள்ளே ஆவுடை அழுதுகொண்டிருந்தாள். வலியா என்று பதறிக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டி, முன்னால் நடந்த அண்ணாச்சியைக் கைகாட்டினாள்.

ஒரு மணிக்கு ராயகிரி. வாசலில் கால் கடுக்க நின்ற என் மாமியார் மகளைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார். அண்ணாச்சி குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தானும் குடித்தார். பாதத்தில் கொப்புளம். திரும்புகிற வழியில் நான் மனம்விட்டுச் சொன்னேன்: "உங்க பந்தயம் எத்தனையோ பார்த்திருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க செஞ்சதை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்."

"ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவேன் தம்பி. இப்ப உங்க பிள்ளை நல்லபடியாப் பொறந்தாத்தான் எனக்குத் தூக்கம். சேதி வந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பயணத்தில் எத்தனையோ பேரைச் சந்திக்கிறோம், இறங்கியதும் மறந்துவிடுகிறோம். இந்த மனிதர் கூலி வாங்கிய பிறகும் எங்கள் கவலையைத் தன்னோடு கொண்டுபோனார்.

பங்குனியில் ஆபீசுக்குத் தந்தி வந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் ஸ்டேஷனுக்குத்தான் ஓடினேன். அண்ணாச்சி வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தாயும் பிள்ளையும்?"

"சௌக்கியம் அண்ணாச்சி."

வேறொன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி வாரைத் தளர்த்தினார். செவலை பாய்ந்தது. சவாரி ஏறாத வண்டி ரத வீதிப் பக்கம் புழுதி பறக்கப் போனது. அவர் எழுந்து நின்றுகொண்டு ஓட்டினார். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

"சுடலைமுத்துக்கு என்ன வே ஆச்சு?" என்று பழக்கடை அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

"எனக்கு மக பொறந்திருக்கா" என்றேன்.