உட்கார்ந்தபடி பார்க்க ஒரு ஜன்னல்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘டேப்பு’. அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் பிரிவில் வேலை. பேனாவை மறந்து வருவார். அளவு டேப்பை மறந்து வந்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட அவர் பேண்ட் பை புடைத்துக்கொண்டுதான் இருக்கும். உள்ளே என்ன என்று யாரும் கேட்டதில்லை.

மனைவிக்கு, சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரில் வேலை. பழைய கட்டடம். முதுகுக்குப் பின்னால் சுவர், முகத்துக்கு முன்னால் சுவர். அதில் ஒரு பொந்து, பொந்தில் வரிசையாக முகங்கள். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, காற்றைத் தவிர எல்லாம் தரும். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் வெறுந்தரையில் படுத்துக் கிடப்பாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் கொடுத்தவர் பாடு.

அவள் ஆபீஸ் மாறப்போகிற புதுக் கட்டடத்தை வரையும் வேலை தன் மேசைக்கே வந்தபோது டேப்பு வீட்டில் மூச்சு விடவில்லை. நவீனமாக இருக்க வேண்டும், வட்டாரத்தின் பழம்பெருமையும் தெரிய வேண்டும் என்பது மேலிட உத்தரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாளிகைகளுக்குப் போய்க் கல்ஜன்னல்களை அளந்தார். ஒரே கல்லில் பூவும் கொடியுமாகத் துளைத்தவை. வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட்டு வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் உள்ளே விடும். அதையே கவுண்டர் வரிசைக்குப் பக்கவாட்டில், தரையிலிருந்து கூரை வரை வைத்து வரைந்தார்.

தலைமைப் பொறியாளருக்கு ஜன்னல் பிடித்தது, ஓட்டைதான் பிடிக்கவில்லை. சுவரை மூடிவிட்டு, பூவேலையை ஃபைபரில் செய்து வெளியே ஒட்டிவிடலாம், தூசியும் வராது என்றார். டேப்பு வாழ்க்கையில் முதன்முதலாக மேலதிகாரியை எதிர்த்தார். அதாவது, ஒரு தடவை செய்துபார்த்துவிடலாமே சார் என்றார். அவர் கணக்கில் அது அடிதடி.

ஆபீஸ் பின்பக்கம் ப்ளைவுட்டில் ஓர் அறை எழுந்தது. துளைபோட்ட சுவர், மேசை, நாற்காலி, கட்டு விண்ணப்பங்கள். உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டுமென்று மனைவியை அரைநாள் லீவு போடச் சொல்லி வரவழைத்தார். வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் கமிட்டி சுற்றி நின்றது. அவள் உட்கார்ந்தாள். காற்று வரவேண்டுமே என்று டேப்பு வேண்டாத தெய்வமில்லை. வந்தது. விண்ணப்பங்கள் அத்தனையும் எழுந்து கமிட்டியை ஒரு சுற்றுச் சுற்றின. ஒன்று போய்த் தலைமைப் பொறியாளர் மூக்கில் உட்கார்ந்தது.

அவர் அதை நிதானமாக எடுத்து நீவினார். “ஜன்னல் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆபீஸ்தான் வேலை செய்யாது.”

கமிட்டி சிரித்தது. டேப்பு குனிந்து காகிதம் பொறுக்கினார். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பூப்பூவாக வெளிச்சம். அந்த முகத்தை அவர் வீட்டில் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அதற்கப்புறம் அவர் விடவில்லை. கெஞ்சினார், மல்லுக்கட்டினார், வரைந்ததை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழித்து வரைந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஓட்டை நிஜ ஓட்டையாகவே இருக்கும், ஆனால் உட்கார்ந்தவர் தலைக்கு மேலேதான் தொடங்கும். காற்று காகிதத்தைத் தொடாமல் போகும், புழுக்கமும் அதோடு போய்விடும். கீழே வெறும் சுவர்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் அவளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

“காத்து வரும்ல? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள்.

“வரும். ஆனா நீ உக்காந்தா வெளிய எதுவும் தெரியாது.” பைக்குள் கைவிட்டு டேப்பைத் தடவினார். “பெரிய ஓட்டையெல்லாம் உன் கண்ணு உயரத்துக்குத்தான் வரைஞ்சேன். நீ டிவி பாக்குறப்போ அளந்தது.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல், இத்தனை வருஷத்தில் தன்னை வேறு என்னென்ன அளந்து வைத்திருக்கிறார் என்று விசாரித்தாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“விடுங்க. கூட்டம் இல்லாதப்போ எழுந்து நின்னு பாத்துக்கிறேன்.”