ஃபிராங்குக்கு ஓர் இடம்

வலேரி அக்காவுக்குக் காத்திருக்கத் தெரியும். எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. அதனால்தானோ என்னவோ, அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

குருசுக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அவர் கணவர் ஃபிராங்க், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். போன வருஷம் ஆடியில் பிள்ளைச்சாவடிக் கடலில் குளிக்க இறங்கினார். தென்னைமரத்தடியில் அவருடைய செருப்பும் மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் கல்லறையும் இல்லை. அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் தெருவே சாமந்தியும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பிப் போக, அக்கா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

பிரான்சில் இருந்தபோது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஜியோகேச்சிங் என்று பெயர். ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடவேண்டும். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, திரும்பவும் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது, அக்கா காரணம் சொல்லும்வரை.

"அவரு செருப்பு கெடந்த எடத்துல ஒண்ணு வெக்கப்போறேன், அரி. யாராவது தேடிக்கிட்டு வருவாங்க இல்ல? கல்லறைக்கு வர்ற மாதிரி."

ஃபிராங்க் சவரச் சாமான் வைத்திருந்த தகர டப்பாவைத் துடைத்து, அவர் படத்தை உள்ளே ஒட்டினார். இடம் சரியா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல, அந்த விளையாட்டில் சம்பளமில்லாத ஆட்கள் உண்டு. அக்கா எண்களை அனுப்பினார். பதில் வந்தது: நீங்கள் காட்டும் இடம் கடலுக்குள் இருக்கிறது, தயவுசெய்து சரிபாருங்கள்.

ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு போனேன். எண்களில் தப்பில்லை. அந்தத் தென்னைமரம்தான் இல்லை. அது நின்ற மணலும் இல்லை. கடல் அதுவரை ஏறி வந்திருந்தது.

கரையில் மிஞ்சியிருந்த முதல் வீடு மண்ணாங்கட்டியுடையது. மீன்பிடிக்கிறவர். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு நின்றது. அதன் பொந்தில் வைக்கலாமா என்று அக்கா கேட்டார்.

"சாரத் தேடிக்கிட்டு போட்ல சுத்துனவனே நான்தாம்மா. வெக்காதன்னு சொல்லுவனா?"

"இந்த எடம் நிக்குமாப்பா?"

"மழைக்கு முன்ன, கடலு அரிக்காம கல்லு கொட்டுறேன்னு கவர்மெண்டுல சொல்லியிருக்காங்க. கொட்டுனா நிக்கும்."

டப்பா அக்காவின் பையில்தான் இருந்தது. "வெச்சிடுங்கக்கா, பதில் வர்றப்ப வரட்டும்" என்றேன்.

"அதெப்படி? பப்பியே வரட்டும்."

அந்த வீட்டில் காகிதத்துக்கு அந்தப் பெயர்தான். குடியுரிமையா, பென்ஷனா, மகளுக்கு விசாவா, எல்லாமே பப்பியே வந்த பிறகுதான். தலைமுறை தலைமுறையாக அப்படி உட்கார்ந்தே பழகிய குடும்பம். ஃபிராங்கும் இடத்துக்கு அனுமதி கேட்காமல் ஒரு டப்பாகூட வைத்ததில்லையாம். அவருக்காகச் செய்வதை அவருக்குப் பிடிக்காத மாதிரி செய்ய அக்காவுக்கு மனமில்லை.

பூவரசின் எண்களை அக்கா அனுப்பியதும், சரிபார்க்கிற ஆட்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது, வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று. அக்கா எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கல் வரவில்லை.

கல்லறைத் திருநாள் காலையில் அக்கா மாடிப்படி ஏறி ஓடிவந்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "வந்துடுச்சி அரி! எடம் சரியாம், வெக்கலாமாம்!"

கொட்டும் மழையில் போனோம். கரையில் மண்ணாங்கட்டி கட்டிலும் பாத்திரமுமாக ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வீட்டில் பாதிச் சுவர் நின்றது. பூவரசு இல்லை.

"விடியக்காலைலதாம்மா கடலு புடுங்கினு போச்சி" என்றார்.

அக்கா போனை எடுத்துப் பார்த்தார். அம்புக்குறி அலைக்குள் காட்டியது. போனை அணைத்து டப்பாவோடு பையில் போட்டுக்கொண்டார். அழவில்லை. மெழுகுவத்திக்கு என்று கொண்டுவந்த தீப்பெட்டியை மண்ணாங்கட்டியிடம் கொடுத்தார், அடுப்பு மூட்டவாவது ஆகட்டும் என்று.

அன்றைக்கே வைத்திருந்தாலும் கடலோடுதானே போயிருக்கும் என்று கேட்பீர்கள். போகட்டுமே! ஃபிராங்க் இருக்கிற இடத்துக்குத்தானே போயிருக்கும்? எந்தப் பயல் சம்மதம் வேண்டும் அதற்கு? இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

கரையோரச் சாலையில் தண்ணீர் நின்றதால் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தோம். வழியில் கல்லறைத் தோட்டம். மழை விட்டிருந்தது. ஜனங்கள் அணைந்த மெழுகுவத்திகளைத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் அக்கா டப்பாவை மடியில் எடுத்து வைத்துப் பிடித்திருந்தார்.

"நிறுத்தட்டுமா அக்கா?"

"எதுக்கு? நமக்கு அங்க யாரு இருக்கா? நீ போ."