வாய்தா வாங்கி வந்தவர்கள்

எட்டு வயது வரை, வாய்தா என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா மாதிரி விற்கிற ஏதோ ஒரு பண்டம் என்றே நினைத்திருந்தேன். அம்மாவும் மாமாவும் காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் வாடிய முகத்தோடு திரும்புவார்கள். என்ன ஆச்சு என்று அத்தை கேட்டால், "வாய்தா வாங்கிட்டு வாரோம்" என்பார் மாமா. நான் ஓடிப்போய்ப் பையைத் துழாவுவேன். காலியான சோற்று டப்பாதான் இருக்கும்.

அம்மாவும் நானும் அப்போது மாமா வீட்டில் இருந்தோம். அம்மா பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு நூல் மில்லில் பிட்டர் வேலை. நாங்கள் மூவரும் இருந்த வாடகை வீட்டில் அவர் மட்டும் இருந்தார். ஏன் பிரிந்தார்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. அடிதடி எதுவும் இல்லை. முதலில் பேச்சு குறைந்தது, பிறகு ஒரே வீட்டில் இரண்டு நேரத்தில் சாப்பிட்டார்கள், பிறகு ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். விவாகரத்துக்கு இரண்டு பேருமே மறுப்புச் சொல்லவில்லை. நான் யாரிடம் இருப்பது என்பதில்தான் வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது.

ஒரு பங்குனி மாதத்தில், பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். கோர்ட்டு வராந்தாவில் அம்மாவின் வக்கீல் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"யாருகூட இருக்கணும்னு அய்யா கேட்டா என்ன சொல்லணும்?"

"அம்மாகூட."

"சத்தமாச் சொல்லணும்."

வராந்தாவின் மறுகோடியில் அப்பா நின்றிருந்தார். அவருக்குக் கேட்காதபடி எப்படிச் சத்தமாகச் சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது. வேறு யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயில் வராந்தாவுக்குள் ஏறி வந்தது. காலையிலிருந்தே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தலை சுற்றி, அம்மாவின் சேலையிலேயே வாந்தி எடுத்தேன்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், "மேலு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்" என்றார். அம்மா எழுந்துவிட்டாள்.

வக்கீல் தடுத்தார். "அடுத்து உங்க கேஸுதாம்மா. மனு போட்டது நீங்க. கூப்பிடுறப்ப இல்லைன்னா தள்ளுபடி பண்ணிருவாங்க."

"நீ இரு, நான் போறேன்" என்றார் அப்பா.

அவரை என் பக்கமே அண்டவிடாத மாமா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் வக்கீல் அந்நேரம் வேறொரு கோர்ட்டில் இருந்தார். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அப்பா யாரோ விட்டுப்போன செய்தித்தாளை மடித்து விசிறினார். "செத்த நேரம் கண்ண மூடு, தாயி" என்றவர் நடுநடுவே தெருவை எட்டிப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காய்ச்சல் தணிந்து நாங்கள் திரும்பியபோது கோர்ட்டு வாசலில் மாமா அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஆளு எங்கன்னு ஜட்ஜு கேட்டப்ப வாய மூடிட்டு நின்னிருந்தா, இன்னைக்கே நம்ம பக்கம் முடிஞ்சிருக்கும். ஒன்ன யாரு பேசச் சொன்னா?"

"எம்பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுன மனுசன, எங்க போனாருன்னு தெரியாதுன்னு நிக்கச் சொல்லுதியா அண்ணே?"

வக்கீல் கண்ணைக் காட்டியும் கேட்காமல், நடந்ததை நீதிபதியிடம் அம்மாவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுபடியும் வாய்தா. பஸ்ஸில் மாமா எங்களோடு உட்காரவில்லை. எனக்கோ உடம்பு அசதியையும் மீறி ஒரே சந்தோஷம். அம்மா அப்பாவுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள்! பழைய வீட்டுக்குச் சீக்கிரம் போய்விடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது நீதிபதி என்னைக் கூப்பிடவே இல்லை. பிள்ளை அவளிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன்னிடம் விடட்டும் என்று அப்பா எழுந்து சொன்னாராம். சேர்ந்து வாழ வழியே இல்லையா என்று நீதிபதி இருவரையும் கேட்டாராம். இல்லைங்கய்யா என்று முதலில் சொன்னது அம்மா. இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது, அம்மா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததைத்தான். ஜெயித்தவள் மாதிரி இல்லை. மூன்று ஷிப்ட்டும் சேர்த்துப் பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

அப்பா வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"ஞாயித்துக்கெழம காலைல வந்து பிள்ளையக் கூட்டிக்கிடுதேன். வெயிலா இருக்கு. நீங்க சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க."

அம்மா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குமுன் அப்பா அம்மாவை 'ஏட்டி' என்பார், கோபம் என்றால் பேர் சொல்லுவார். முதலாளி வீட்டு அம்மாளிடம் பேசுவதுபோல 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வாசலில் நின்ற மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, அப்பா அம்மாவ மரியாதையாப் பேசுதாரு!"

மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இத்தனை பெரிய பிள்ளையை ஏன் தூக்குகிறார் என்று கூச்சமாக இருந்தது.