அத்தான், புகை வருதா பாருங்க

அந்தக் கார் என்னுடையதல்ல. என் மனைவியின் தம்பியுடையது. அவர் ராணுவத்தில் கேப்டன். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு மார்ச் மாதம் வடகிழக்கு எல்லைக்கு மாற்றலாகி, நான்கே நாளில் கிளம்ப வேண்டியிருந்தது. காரை அங்கே கொண்டுபோக வழியில்லை. தில்லி லோதி ரோட்டில் என் மனைவிக்கு ஒதுக்கியிருந்த அரசுக் குடியிருப்பின் முன்னால், வேப்பமரத்தடியில் அந்த வெள்ளை அம்பாசடரை நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு காக்கி உறை. அதற்குள் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் தாள், உரிமை மாற்றும் படிவங்கள். விற்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் காலியாக இருந்தன.

"யாருக்கு வேணும்னாலும் குடுங்க அத்தான். நீங்க பாத்துச் செஞ்சா சரிதான்," என்றார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்தக் காரும் அந்த உறையும் ஒன்றாக யார் கைக்குப் போனாலும், அவர் தன் பெயரை எழுதிக்கொண்டால் போதும், கார் அவருடையது. எழுதிக்கொள்ளாமல் ஓட்டினால் இன்னும் மோசம். கார் யாரையாவது இடித்தாலும், எதையாவது கடத்தினாலும், போலீஸ் கடிதம் கேப்டன் பெயருக்குத்தான் போகும். அதுவும் அவருடைய மேலதிகாரி வழியாகப் போகும். அதற்குப் பிறகு எத்தனை விளக்கம் சொன்னாலும் கோப்பில் அந்தக் கடிதம் இருக்கும்.

நான் அப்போது ஒரு தினசரியில் செய்தி திருத்தும் மேஜையில் இருந்தேன். 'ட்ரையல்' பார்க்கிறேன் என்று சொல்லிக் காரோடு போனவர்களைப் பற்றி நான்கு வரிச் செய்திகள் அவ்வப்போது என் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் நடந்தது ஒன்றேதான். விற்பவர் ஓட்டிக் காட்டுகிறார். இப்போது நீங்கள் ஓட்டுங்கள் என்று இறங்கி மறுபக்கம் சுற்றி வருகிறார். அவர் கதவுப் பிடியைத் தொடும்போது கார் நகர்ந்துவிடுகிறது. சாவி அதிலேயே இருக்கிறது.

இந்தச் செய்திகளை வைத்து நானும் மனைவியும் சில விதிகள் வகுத்தோம். பார்க்க வருபவர் எந்த வண்டியில் வந்தாரோ அதையும் அதன் சாவியையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். பெயர், முகவரி, லைசென்ஸ் எண் எல்லாவற்றையும் மனைவி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். அம்பாசடரின் முன் சீட் பெஞ்சுபோல ஒரே நீளம் என்பதால், இடம் மாற நான் இறங்கத் தேவையில்லை. எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடப்பக்கம் நகர்வேன், அவர் வெளியே சுற்றி வந்து ஏறுவார். காக்கி உறை வீட்டு அலமாரியை விட்டு வராது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் கொடுத்தேன். முதலில் வந்தவர் கரோல் பாகில் துணிக்கடை வைத்திருந்தவர். கூட ஒரு கார் மிஸ்திரியை அழைத்து வந்திருந்தார். ஸ்கூட்டர் சாவியைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தையும் கழற்றி நீட்டினார்.

"இதுவும் வேணுமா, பாபுஜி? செருப்பு?"

மிஸ்திரி பானெட்டைத் திறந்தார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவுகள் மேல் மெதுவாக நகர்த்தினார். இடது பின் மட்காட்டில் காந்தம் பிடிக்காமல் வழுக்கியது. பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, வெறும் பூச்சு. எப்போதோ அடி வாங்கிய இடம். கேப்டனுக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மூன்று வாரமாகத் தினமும் துடைத்த கார் அது. எனக்குத் தெரியாத ஒன்றை அதில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போன கடைக்காரர் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு குடும்பம், ஏழு பேர், ஒரே டாக்ஸியில் வந்திறங்கினார்கள். டாக்ஸியைப் பிணையாக வைக்க முடியாதே என்று நான் யோசிப்பதற்குள் ஐந்து பேர் பின் சீட்டில் ஏறிவிட்டார்கள். இரண்டு பெரியவர்களைப் பிணையாக வீட்டிலேயே உட்கார வைத்தோம். இந்தியா கேட்வரை போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டு, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, திரும்பி வந்து, வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் பெரியவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு தடவை டீ குடித்திருந்தார்கள்.

அதன் பிறகு பதினைந்து நாள் யாரும் வரவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, பத்து மணிக்குக் கதவைத் தட்டியவர் முப்பத்தைந்து வயதுக்காரர். தேய்த்த அரைக்கைச் சட்டை. பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். நான் இந்தியில் ஆரம்பித்தேன். அவர் வாசலில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"வண்டி பாக்க வந்தேன் சார். பேப்பர்ல போட்டிருந்தீங்கல்லா?"

அந்த 'லா'வைக் கேட்டதும் என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அவள் திருநெல்வேலி. நான் திருச்சிக்காரன். எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்குப் பதில் சொல்ல வேறு ஆள் கிடையாது.

"நீங்க எந்தப் பக்கம்?"

"பாளையங்கோட்டை. நீங்க?"

"டவுன்தான். உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கீங்க?"

அடுத்த இருபது நிமிடம் கார் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. மறுவீட்டு விருந்தில் சொதிக்கு முருங்கைக்காய் போடுவதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தில்லித் தேங்காயில் பால் எடுத்தால் அது சொதி இல்லை என்பதில் ஒற்றுமை இருந்தது. அவர் முறுக்கு இரண்டு சாப்பிட்டார், காப்பி குடித்தார். அவள் அவருக்கு அக்கா ஆனாள். அதனால் நான் தானாகவே அத்தான் ஆனேன்.

இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தான் என்று கூப்பிடுகிறவரிடம் லைசென்ஸ் எண் கேட்க முடியவில்லை. எனக்கு நினைவிருந்தது. நோட்டு ரேடியோப் பெட்டியின் மேல்தான் இருந்தது. மனைவியைப் பார்த்தேன், அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள்தான் முதலில் என்னை முறைத்திருப்பாள்.

"பேப்பர்லாம் சரியா இருக்கா அத்தான்?" என்று அவர் கேட்டபோது காக்கி உறையை எடுத்துக் காட்டினேன். அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணெதிரே அதை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டுவது அவமரியாதையாகத் தோன்றியது. கையில் எடுத்துக்கொண்டே கீழே இறங்கி, காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டேன்.

நன்றாக ஓட்டினார். கியர் மாற்றும்போது சத்தமே இல்லை. லோதித் தோட்டத்தின் பக்கவாட்டுச் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஓரமாக நிறுத்தினார்.

"அத்தான், சைலன்சர்ல புகை வருதா பாருங்க. நான் ரேஸ் பண்ணுதேன்."

இறங்கினேன். பின்னால் போய்க் குனிந்து நின்றேன். எஞ்சின் இரைந்தது. புகை வரவில்லை. புகை இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது கார் நகர்ந்தது, வேகம் பிடித்தது, வளைவில் மறைந்தது. நான் கையை உயர்த்தி ஆட்டினேன். கத்தவும் செய்தேன், ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? அவர் பெயர் எனக்குத் தெரியாது.

கால்மணி நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி பேருல்லா அதுல இருக்கு," என்றாள்.

பிறகு, "எந்த ஆபீஸ்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சொல்லல. நாமும் கேக்கல."

"வீடு?"

அதையும் கேட்கவில்லை. அவருடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை பாயசம் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்த ஏட்டு பொறுமையான மனிதர். இந்தியில் கேட்டுக்கொண்டே போனார். கார் எண் சொன்னேன். நிறம் சொன்னேன். ஓட்டியவர் பெயர் கேட்டார், தெரியாது என்றேன். முகவரி? தெரியாது. அடையாளம்? மாநிறம், நடுத்தர உயரம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் அவனைப் பற்றி என்னதான் தெரியும், பாபுஜி?"

"தமிழ்க்காரர். என் மனைவியின் ஊர்."

"அச்சா. அதற்காகச் சாவியைக் கொடுத்தீர்களா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பியதுபோல் இருந்தது. "என் ஊர் ரோத்தக். ரோத்தக்காரன் வந்தால் நான் சைக்கிள்கூடத் தர மாட்டேன்."

பிறகு உரிமையாளர் பெயர் கேட்டார். பதவி, எங்கே பணி என்று கேட்டார். அங்கே நான் நிறுத்தினேன். நான் வாயைத் திறந்தால் கேப்டனின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறும். திறக்காவிட்டால், அந்தக் கார் செய்யப்போகும் எதற்கும் அவரைக் காப்பாற்ற ஒரு தாள்கூட இருக்காது. இரண்டில் எது குறைந்த தீங்கு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வரவில்லை. மனைவியைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறேன் என்றேன்.

"நீங்கள் வருவீர்கள்," என்றார் ஏட்டு, "கார் காத்திருக்காது."

வீட்டை அடைந்தபோது வேப்பமரத்தடியில் வெள்ளை அம்பாசடர் நின்றிருந்தது. அவர் அதன் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க போயிட்டீங்க அத்தான்? அக்கா மொகமே சரியில்ல," என்றார் என்னைப் பார்த்ததும்.

"நீங்க எங்க போனீங்க?"

"திரும்பி உங்ககிட்ட வரத்தான் போனேன். அதுக்குள்ள கோல் சக்கர் ரவுண்டானா வந்துட்டு. சரி, வீடு புசா ரோடுதானே, வீட்டுக்காரிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்னு போனேன். அவ பாக்காம நான் வாங்கிர முடியுமா? கண்ணாடியில பாத்தேன், நீங்க கைய ஆட்டுனீங்க. போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுதீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டரை மணி நேரமாச்சு."

"பிள்ளைங்க ஒரு ரவுண்டு கேட்டுச்சுங்க. நம்ம ஆளுதானே, தப்பா நெனைக்க மாட்டாங்கன்னு…" என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னொண்ணு அத்தான். கையெழுத்துப் போட்ட பேப்பரெல்லாம் டாஷ்போர்டுல கிடக்கு. இந்த ஊர்ல எவனாவது அப்படியே தூக்கிட்டுப் போயிருவான். சூதானமா இருக்கணும்."

கதவைத் திறந்து பார்த்தேன். உறை இருந்தது. படிவங்கள் இருந்தன, காலியாக. பின் சீட்டில் சின்னக் கால்தடங்கள் இரண்டு.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்பவரின் முகமாக அது இல்லை. எந்தத் துணிச்சலில் நாங்கள் பெயர் கேட்காமல் சாவி கொடுத்தோமோ, அதே துணிச்சலில்தான் அவர் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார். நாங்கள் இரண்டரை மணி நேரம் தவித்தோம் என்பது அவருக்கு எட்டவே இல்லை. காவல் நிலையம் போய் வந்தேன் என்று சொன்னபோதுதான் எட்டியது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னையா? போலீஸ்லயா?"

இப்போது பேசியது என் மனைவி. "தம்பி, நீங்க திருப்பிக் கொண்டாந்தது சரி. சொல்லாம எடுத்துட்டுப் போனது தப்பு. அதுக்கு இது சரியாப் போவாது. வண்டி வேணும்னா இங்கன உக்காந்து பேரு, வீடு, ஆபீஸு, லைசென்ஸு எல்லாம் எழுதுங்க. வேண்டாம்னா காப்பி குடிச்சிட்டுப் போங்க. ரெண்டாவது காப்பிக்கும் பால் இருக்கு."

 அவர் உட்கார்ந்து எழுதினார். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. மறுநாள் நான் அந்த அலுவலகத்துக்குப் போய், அவர் அங்கே இருக்கிறாரா என்று வாசலில் விசாரித்தேன். இருந்தார். அவரைப் பார்க்காமலே திரும்பினேன்.

கார் அவருக்கே போனது. ஆனால் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, அவர் பெயர் புத்தகத்தில் ஏறி, முத்திரை விழுந்து, அதை நான் என் கண்ணால் படித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். அவர் என்னை அன்று சார் என்று கூப்பிட்டார். அன்று மாலையே, கார் விற்றாயிற்று என்று கேப்டனுக்குத் தந்தி அடித்தேன்.

அடுத்த ஆண்டு கேப்டன் விடுமுறையில் வந்தார். நடந்ததை ஒரு செய்திபோல வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். லைசென்ஸ், முகவரி, புத்தகப் பதிவு, எல்லாவற்றின் நகலும் எடுத்து வைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவர் கேட்டார்:

"வண்டிய யாருக்குக் குடுத்தீங்க அத்தான்?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தருக்கு," என்றாள்.

"நம்ம ஊர் ஆளா? அப்பப் பயமில்ல," என்றார் கேப்டன். வேறொன்றும் கேட்காமல் சோற்றைப் பிசைந்தார்.