பத்து போல்ட்டும் ஒரு பேக்கிங்கும்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் பூட்டு. அவர் மூடிய இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வராது என்பதால் யாரோ வைத்தது. வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது. எனக்கு அவர் மாமா, என் அக்காவின் கணவர். பதினெட்டு வருஷமாக ஒரே தகரக் கூரையின் கீழ், பக்கத்துப் பக்கத்து வண்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறோம். இவ்வளவு பக்கத்தில் நின்றும் அந்த மனுஷனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், நீலச் சட்டையைப் போடுவார், துடைக்கிற துணியை இடது தோளில் போடுவார். மாலையில் அதே வரிசை தலைகீழாக நடக்கும். நடுவில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவர் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்ஜினின் தலைமேல் ஒரு மூடி இருக்கும். டேப்பட் கவர் என்போம். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேக்கிங் சுற்றி ஓடும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அது கட்டையாகிவிடும், பிறகு எண்ணெய் கசியும். கசிந்தது சூடான சைலன்சர் குழாயில் விழுந்து புகையும், வண்டிக்குள் கருகல் வாடை அடிக்கும். பெரிய வியாதி இல்லை. மூடியைக் கழற்றி, பழையதை உரித்து, இரண்டு பக்கமும் துடைத்து, புதுசைப் பள்ளத்தில் உட்கார வைத்து, பத்து போல்ட்டை முறுக்க வேண்டும். முறுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. தளர்வாக விட்டால் கசியும். அதிகம் இறுக்கினால் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கி, முன்பைவிட மோசமாகக் கசியும். அளவு வைத்து முறுக்குகிற ஸ்பேனர் எங்களிடமும் ஒன்று உண்டு. அதன் ஸ்பிரிங் போய் நாலு வருஷமாகிறது, இப்போது தன் இஷ்டத்துக்குச் சொடுக்கும். புதுசு வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லியும் நாலு வருஷமாகிறது. அதனால் எங்களுக்குக் கைதான் அளவு.

அந்தக் கையைப் பற்றித்தான் அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"டேய், உங்க மாமாவுக்கு வலது கை விரலெல்லாம் மரத்துப் போகுதுடா. டம்ளரைக் கீழ போடறாரு. சட்டை பட்டன் போட கால் மணி நேரம் ஆகுது. கேட்டா எரிஞ்சு விழறாரு. நீ கொஞ்சம் பாத்துக்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காத."

நானும் பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதில்தான் சனியன் பிடித்தது. மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும், அவர் மூடி வைத்த இன்ஜினில் ஸ்பேனரை வைத்துப் பார்ப்பேன். பத்து போல்ட்டும் தளர்வாக இருக்கும். ஐயோ பாவம், விரலுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சத்தம் காட்டாமல் சரியான அளவுக்கு முறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போவேன். இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அப்போதுதான் ஒரு டீச்சர் அம்மாவின் வண்டி வந்தது. வாரத்தில் மூன்று நாள் தன் அம்மாவை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர். கருகல் வாடையில் அம்மாவுக்குக் குமட்டுகிறது என்றார். மாமா பேக்கிங் மாற்றினார். பத்தே நாளில் வண்டி திரும்பி வந்தது, கசிவு முன்பைவிட அதிகம். மாமா மறுபடி மாற்றினார், மூலைகளில் கொஞ்சம் சிலிக்கான் பசையும் வைத்தார். இரண்டு வாரம் கழித்து டீச்சர் அம்மா மறுபடி வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "எனக்கு வேற வண்டி கிடையாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பூட்டுக்கே சாவி தொலஞ்சு போச்சுடோய்" என்று பெயின்ட் அடிக்கிறவன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"உங்க மாமாகிட்ட நீயே சொல்லிடு. இந்த வண்டி இன்னொரு தடவை வந்துச்சுன்னா அவர் டயர் பக்கம் போயிரட்டும். இனிமே இன்ஜின்ல கை வைக்க வேணாம்."

டயர் பக்கம் என்றால் பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது. கேவலமான வேலை இல்லைதான். ஆனால் முப்பது வருஷம் இன்ஜின் பார்த்த ஆளை அங்கே உட்கார வைப்பதும், வீட்டுக்குப் போ என்பதும் ஒன்றுதான். நான் போய்ச் சொன்னேன். "சரி மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது தடவையாக மூடியைக் கழற்றினார். பேக்கிங் வெளியே வந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, நசுங்கி நாடா மாதிரிக் கிடந்தது. ஒரு மூலையில் கிழிந்தே போயிருந்தது. அவர் அதை மேஜைமேல் வைத்து, விரலால் நீவி நீவிப் பார்த்தார். அந்த விரலுக்கு என்ன தெரிந்ததோ.

"இவ்வளவு இறுக்கியிருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல பாரு" என்றார். "முதலாளி சொன்னது சரிதான். இந்த ஒரு வண்டிய முடிச்சுக் குடுத்துட்டு நானே டயர் பக்கம் போயிடறேன்."

எனக்கு ஒன்று உறுத்தியது. நான் சரியான அளவுக்குத்தானே முறுக்கினேன், பிறகு எப்படி நசுங்கும்? அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. வயசானால் எல்லாமே அலுப்பாகத்தான் இருக்கிறது.

மூடியைத் தேய்த்துத் துடைத்துப் புதுசைப் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் சாப்பிடப் போனார். நான் வழக்கம்போல ஸ்பேனரை எடுத்தேன். வழக்கம்போலத் தளர்வு. பத்தையும் முறுக்கிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். பாதி வழியில் மூக்குக்கண்ணாடியை இன்ஜின்மேலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன்.

மாமா அங்கே உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டைத் தொடாமல். டீ போடுகிற கெட்டிலிலிருந்து வெந்நீரை ஒரு மக்கில் ஊற்றி, வலது கையை மணிக்கட்டுவரை அதில் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துத் துடைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து நடுவிலிருந்த போல்ட்டில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் சும்மா பிடிக்க மட்டும் வைத்துவிட்டு, வெந்நீரில் கைக்கு உணர்ச்சி வந்தபிறகு கணக்காகக் கால் சுற்று, கடைசி முறுக்கு முறுக்குகிறார். மாசக்கணக்கில் இப்படித்தான் சமாளித்திருக்கிறார். நான் முறுக்கியதன் மேலேயே அவரும் முறுக்கியிருக்கிறார். மற்ற வண்டிகளின் தடித்த பேக்கிங் அதைத் தாங்கிக்கொண்டது, டீச்சர் அம்மா வண்டியின் மெல்லிய பேக்கிங் தாங்கவில்லை.

"மாமா, வேணாம்! முறுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

ஸ்பேனரை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஏற்கெனவே முறுக்கிட்டேன்."

"எப்ப?"

"இப்பதான். போன தடவையும். அதுக்கு முந்தியும். நீங்க மூடற எல்லா வண்டியிலயும்."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்பேனரை வீசினால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஈரக் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப, என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு மாமா."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். உண்மையில் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது, அதுவும் மெதுவாக. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார். கேட்டிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம்.

முதலாளியிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். அவருக்கு யாரையாவது தண்டித்தாக வேண்டும், என்னை டயர் பக்கம் அனுப்பினார். டீச்சர் அம்மாவின் வண்டி பிறகு கசிவோடு வரவில்லை. நான் பஞ்சர் ஒட்டினேன், காற்று அடித்தேன். மாமா தன் இடத்திலேயே நின்று வெந்நீரும் ஸ்பேனருமாக வேலை பார்த்தார். நான் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. மாலையில் ஒன்றாகத்தான் நடந்து போவோம், பேச்சு மட்டும் இருக்காது.

நாலு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் அவரே டயர் பக்கம் வந்து நின்றார். "மாப்ளே, கொஞ்சம் வா" என்றார்.

போனேன். ஒரு பழைய வண்டி, மூடி போட்டு முடித்திருந்தது. மக்கில் வெந்நீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஸ்பேனரை என்னிடம் நீட்டி, "எல்லாம் முறுக்கிட்டேன். எதுக்கும் ஒரு தடவை பாரு" என்றார். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்பது போல்ட் கல்லு மாதிரி, கனகச்சிதம். பின்பக்க மூலையில் இருந்த பத்தாவது சும்மா சுற்றியது.

பொய் சொல்லிவிட்டுக் கமுக்கமாக முறுக்கிவிடலாம். எனக்கு அது பழக்கம்தானே. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணு லூசா இருக்கு மாமா."

அவர் தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துணியை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஈரமே இல்லை.

"முறுக்கு" என்றார். "நான் பாக்கற மாதிரி முறுக்கு."

அவர் பார்க்க, நான் முறுக்கினேன்.